மரக்காணத்தில் கேட்ட மழை

பினாங்கிலிருந்து கிளம்பும்போது என் மனைவி ஜமீலா இரண்டு காரியங்களைக் கொடுத்தனுப்பினாள். ஒன்று, மரக்காணம் பக்கத்தில் கூனிமேட்டில் இருக்கும் அவள் தம்பி யூசுஃப் வீட்டுக்கு ஒரு பிஸ்கட் டின். இன்னொன்று ஒரு வேலை. "புள்ள மண்ணுகிட்டப் போயி அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிட்டு வாங்க. பதினாலு மாசமாச்சு" என்றாள். முட்டி வலியால் அவளால் வர முடியவில்லை. வந்திருந்தால் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பாள்.

அந்த வார்த்தை 'இன்னா லில்லாஹி' என்று தொடங்கும். நாம் இறைவனுக்கு உரியவர்கள், அவனிடமே திரும்புகிறவர்கள் என்று பொருள். சாவுச் செய்தி காதில் விழுந்ததும் எங்கள் வாயில் தானாக வரும். சாவுக்கு மட்டும் என்றில்லை. செருப்பு அறுந்தாலும், பால் பொங்கி வழிந்தாலும் சொல்வார்கள். என் சாப்பாட்டுக் கடையில் தட்டு உடைந்தால் நானே சொல்லியிருக்கிறேன். எங்கள் ஒரே மகன் அன்வர் இறந்தபோது மட்டும் சொல்லவில்லை. சொன்னால் நான் சம்மதித்த மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு கடையில் தட்டு உடைந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டேன். பள்ளிவாசல் பக்கமும் போவதில்லை.

யூசுஃப் மகளின் கல்யாணத்துக்கு எங்கள் குடும்பத்தின் சார்பில் அன்வர்தான் போனான். எனக்குக் கடையை விட்டு நகர முடியாது, ஜமீலாவுக்கு முட்டி. கல்யாணத்துக்கு முதல் நாள், மாமன் பைக்கை எடுத்துக்கொண்டு பூ வாங்கப் பாண்டிச்சேரிக்குப் போயிருக்கிறான். பொம்மையார்பாளையம் தாண்டவில்லை. லாரி. வயது இருபத்து நாலு.

நான் வரும்வரை வைத்திருங்கள் என்று போனில் கத்தினேன். விசா கிடைக்க மூன்று நாள் ஆகும் என்றார்கள். மய்யித்தைக் காக்க வைக்கக் கூடாது என்று ஊர் ஜமாஅத்தில் சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலமே அடக்கிவிட்டு யூசுஃப் மறுபடி கூப்பிட்டான். "உங்களுக்காக மூணு பிடி மண்ணும் நானே போட்டேன் மச்சான்" என்றான். அடக்கத்துக்கு நிற்கிறவர்கள் ஆளுக்கு மூன்று பிடி மண் அள்ளிப் போடுவது எங்கள் வழக்கம். தகப்பனுடைய மூன்று பிடியை அவன் போட்டிருக்கிறான். நான் போனை வைத்துவிட்டேன். முகத்தையே பார்க்காதவன் மண்ணைப் பார்த்து என்ன செய்ய என்று அப்போது போகவும் இல்லை.

இப்போது போகிறேன். ஜமீலாவின் தொல்லை தாங்காமல் போகிறேன் என்றுதான் கடையில் எல்லோரிடமும் சொன்னேன்.

விமானத்தில் பக்கத்து இருக்கையில் ஒரு மலாய்க்கார அம்மாள். சென்னையில் துணி வாங்கிப் பினாங்கில் விற்கிறவராம். யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று மலாயில் கேட்டார். மகனை என்றேன். அங்கே வேலையா என்றார். இல்லை, அங்கேயே தங்கிவிட்டான் என்றேன். "அப்படியானால் மருமகள் அந்த ஊர்தான்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். இறங்கும்போது என் மகனுக்குக் கொடுக்கச் சொல்லி ஓர் ஆரஞ்சுப் பழம் தந்தார். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அது 2004 ஏப்ரல் மாதம். சென்னையில் வெயில் ஆளை அடித்துப் போட்டது. தெருவுக்குத் தெரு பச்சை, சிவப்பு, மஞ்சள் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் இருந்தன. குடங்களுக்குப் பக்கத்தில் ஆளில்லை, தண்ணீர் லாரி வரும் சத்தம் கேட்டால் ஓடி வருவார்களாம். எங்கள் பினாங்கில் தினமும் சாயங்காலம் மழை கொட்டும், கடை வாசலில் மேசை போட முடியவில்லையே என்று நான் திட்டுவேன். இங்கே ஆட்டோக்காரர், "மழை பேஞ்சு ரெண்டு வருஷம் ஆவப் போவுது சார். எலெக்‌ஷன் முடிஞ்சா தண்ணி வரும்னு சொல்றாங்க" என்றார். யார் சொல்கிறார்கள் என்று கேட்டேன். "எலெக்‌ஷன்ல நிக்கிறவங்கதான்" என்றார்.

மறுநாள் காலை பஸ். மரக்காணத்துக்குக் கொஞ்சம் முன்னால் டயர் வெடித்தது. மாற்று டயரும் ஏற்கனவே பஞ்சராம். "பின்னாடி வர்ற வண்டில ஏத்தி உடறேன் பெரியவரே, டென்ஷன் ஆவாதீங்க" என்றார் கண்டக்டர். பின்னால் மூன்று வண்டிகள் வந்தன, ஒன்றும் நிற்கவில்லை. நான் பெட்டியையும் பிஸ்கட் டின்னையும் தூக்கிக்கொண்டு நடந்தேன். சாலைக்கு மேற்கே கண்ணுக்கு எட்டியவரை உப்புப் பாத்திகள். கண் கூசியது. கடைக்கு உப்பு வாங்கித்தான் பழக்கம், அது தரையில் விளைந்து கிடந்து இப்போதுதான் பார்க்கிறேன்.

வழியில் ஒரு டீக்கடை. டீயில் உப்புக் கரித்தது. கேட்டதற்கு, "தண்ணியே அப்படி இருக்குதுங்க. சக்கரை எவ்ளோ போட்டாலும் அடியில உப்பு நிக்கும்" என்றார் கடைக்காரர். அங்கிருந்து யூசுஃப் வீட்டுக்குப் போன் செய்தேன். அரை மணியில் அவன் சைக்கிளில் வந்து இறங்கினான். அவன் குத்தகைக்கு எடுத்திருக்கும் பாத்திகள் பக்கத்தில்தான் இருந்தனவாம், வீட்டிலிருந்து ஆள் போய்ச் சொல்லியிருக்கிறது. ஐம்பது வயதுக்காரன், வெயிலில் வற்றிப் போய் என்னைவிட மூத்தவனாகத் தெரிந்தான்.

அவனைப் பார்த்ததும் என்னென்ன கேட்க வேண்டும் என்று பதினான்கு மாதமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வாயில் வந்தது, "ஏன் சைக்கிள்? பைக் என்னாச்சு?" என்பதுதான். கேட்ட பிறகுதான் எதைக் கேட்டேன் என்று புரிந்தது. அவன் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி தரையைப் பார்த்தான். "அதுக்கப்புறம் எந்த பைக்லயும் ஏறல மச்சான்" என்றான். என்னை ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டுப் பின்னாலேயே சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தான். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று இருந்தேன். இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

கூனிமேட்டில் அவன் மனைவி மும்தாஜ் எனக்கு மட்டும் இலை போட்டாள். மற்றவர்கள் எல்லோரும் நோன்பு. ரமலான் போய் எவ்வளவோ மாதமாகிறதே, இது என்ன நோன்பு என்றேன். மழைக்காக மூன்று நாள் ஊரே நோன்பு பிடிக்கிறது, நாலாம் நாள் காலையில் திடலில் மழைத் தொழுகை என்றாள். நான் போனது இரண்டாம் நாள். நோன்பாளிகள் நடுவில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவது ஒரு தண்டனை. நானும் இன்று நோன்புதான் என்று சொல்லித் தப்பிக்கலாம், அந்த மாதிரிப் பொய் எனக்கு வராது.

சோறு, வஞ்சிர மீன் குழம்பு, கத்திரிக்காயும் மாங்காயும் போட்ட தால்ச்சா. எல்லாம் நல்ல கைப்பக்குவம். எதிலும் உப்பு இல்லை. நோன்போடு சமைத்தவள் உப்புப் பார்க்காமல் இறக்கியிருக்கிறாள். உப்பு விளைவிக்கிறவன் வீட்டில் உப்பில்லாத குழம்பு. என் கடையாக இருந்தால் சமையற்காரன் தொலைந்தான். மும்தாஜ் கதவோரம் நின்று, "நல்லா இருக்குதா மச்சான்? அன்வருக்கும் இந்த மீனுதான் புடிச்சிருந்துச்சு" என்றாள். நல்லா இருக்குதும்மா என்று சொல்லி இரண்டாம் முறையும் சோறு வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் யூசுஃப் பாத்திக்குப் போனான், நானும் கூடப் போனேன். அன்வரை அடக்கிய கபருஸ்தானுக்குப் போகலாமா என்று அவன் கேட்டுவிடுவானோ என்ற பயத்தில்தான் நானே முந்திக்கொண்டு உப்பைப் பார்க்க வேண்டும் என்றேன். பாத்தியில் அவனிடம் வேலை செய்யும் கன்னியப்பனும் அவன் மனைவி லட்சுமியும் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். வாரிய உப்பு வரப்பில் குவியல் குவியலாக இருந்தது. இன்னும் வாராதது பாத்திக்குள் ஒரு விரல் கனத்துக்குப் படிந்து கிடந்தது. யூசுஃபைக் கண்டதும் கன்னியப்பன் பலகையை ஊன்றி நின்றான்.

"ஏம்பாய், நாளைக்கு நீங்களே போயி மழை கேக்கப் போறீங்களாமே? அப்ப நாங்க உப்ப மூடறதா வேணாமா, அதச் சொல்லிட்டுப் போங்க."

யூசுஃப் சிரித்தான். "மூடு. மூடாமப் போயி கேட்டா நம்பிக்கையில்லாமக் கேட்ட மாதிரி ஆயிடும்."

"ஓலை எங்க இருக்குது? ஐப்பசிக்குத்தான வாங்குவோம்."

"இருக்கறத வெச்சு மூடுப்பா."

"மேல குமிச்சத மூடிடலாங்க" என்றாள் லட்சுமி. "பாத்திக்குள்ள கெடக்கறத எத வெச்சு மூடறது? இன்னும் நாலு நாளு உட்டாத்தான் கல்லு பெருசா வரும்னு நீங்கதான சொன்னீங்க?"

"அத ஆண்டவன்கிட்ட உட்டுடும்மா."

எனக்குக் கோபம் வந்தது. அவனைத் தனியே வரப்புக்கு இழுத்துப் போய், "உனக்குப் பைத்தியமா மாப்ள? ஒரு மழை பேஞ்சா உன் பொழப்பு கரைஞ்சிடும். உன் வாயாலயே கேப்பியா?" என்றேன். அவன் மேற்கே கையைக் காட்டினான். அந்தப் பக்கம் பிரம்மதேசம். கன்னியப்பனுக்கு அதுதான் மாமியார் வீடு. கிணறு வற்றி, வேர்க்கடலை கருகி, மாடுகளை வந்த விலைக்குப் பிடித்துக் கொடுக்கிறார்களாம். போன வாரம் கொடும்பாவி இழுத்திருக்கிறார்கள். யாரோ ஒரு பெரும்பாவி ஊருக்குள் இருப்பதால்தான் மழை வரவில்லை என்று வைக்கோலில் ஓர் உருவம் கட்டி, கயிற்றில் தெருத்தெருவாக இழுத்து, பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைத்து, கடைசியில் கொளுத்துவார்கள். அதற்கும் வரவில்லை.

"எல்லா ஊருக்கும் குடு, என் பாத்திய மட்டும் உட்டுட்டுக் குடுன்னு கேக்க முடியுமா மச்சான்?" என்றான் யூசுஃப்.

"கேட்டா என்ன?"

"மொத நாளு நோன்புல அப்படித்தான் கேட்டேன்" என்றான். "கேட்டு முடிச்சதும் ஒரே வெக்கமாப் போச்சு. மூஞ்சியத் தொடச்சிக்கினு எழுந்துட்டேன்."

பிறகு எதையோ தூக்க முடியாமல் தூக்குகிறவன் போல ஆரம்பித்தான். தொழுகைக்கு நிற்பதற்கு முன்னால் பகை இருந்தால் தீர்த்துக்கொண்டு வரச் சொல்லிப் பள்ளிவாசல் ஹஜ்ரத் அறிவித்திருக்கிறாராம். பகை வைத்திருக்கிறவன் வரிசையில் நின்றால் ஊரார் கேட்கும் துஆவே, அந்த வேண்டுதலே மேலே ஏறாதாம்.

"ஊர்ல எனக்கு யாரோடவும் பகையில்ல மச்சான். உங்க ஒருத்தரோடதான். பைக் சாவிய நான்தான் எடுத்துக் குடுத்தேன். அவன் கேக்கக்கூட இல்ல. அப்புறம் நீங்க வர்ற வரைக்கும் வெச்சிருக்கவும் என்னால முடியல. என்னை மன்னிச்சிடுங்க."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அவன்மேல் எனக்குக் கோபமே இல்லை என்பது எனக்கே புதிதாக இருந்தது. "உன்மேல ஒண்ணும் இல்ல மாப்ள. நீ போயி வரிசையில நில்லு. எனக்கு வழக்கு மேல இருக்கிறவனோடதான். அத நான் விடறதா இல்ல" என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். "அந்த வழக்குல நீங்க ஜெயிச்சா மட்டும் அன்வரு வந்துடுவானா மச்சான்?" என்று கேட்டான். குரலில் எந்தக் குத்தலும் இல்லை. நான் விறுவிறு என்று சாலைக்கு வந்து ஆட்டோ பிடித்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் நோன்பு திறக்க எல்லோரும் வீட்டில் கூடும் நேரம் பார்த்து, யாருக்கும் சொல்லாமல் கபருஸ்தானுக்குப் போனேன். கடைசி வரிசையில் வேப்பமரத்துக்குப் பக்கம் என்று ஜமீலா சொல்லியிருந்தாள். தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல். இரண்டுக்கும் நடுவில் ஆறடி. காற்றில் வந்து விழும் முள்ளைக்கூட யாரோ தினமும் பொறுக்கி எடுத்துவிடுகிறார்கள் போல, இடம் சுத்தமாக இருந்தது. அந்த ஆரஞ்சுப் பழத்தைச் சட்டைப் பையில் எடுத்துப் போயிருந்தேன். கபர்மேல் பழம் வைக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. வைக்கவில்லை.

வார்த்தை வருமா என்று பார்த்தேன். வரவில்லை. சரி, என் மூன்று பிடி மண்ணையாவது போடுவோம் என்று குனிந்து கையால் அள்ளினேன். மண் வரவில்லை. இரண்டு வருஷ வெயிலில் தரை செங்கல்லாக இறுகிக் கிடந்தது. நகத்தால் கீறினேன். நகம் பிளந்து ரத்தம் வந்ததுதான் மிச்சம். பிள்ளைக்கு ஒரு பிடி மண் போடக்கூட விடமாட்டாயா என்று வானத்தைப் பார்த்துக் கேட்டேன். கேட்டது மரியாதையான வார்த்தைகளில் இல்லை. அவற்றை இங்கே எழுத முடியாது. திரும்பி வந்தபோது வாசலில் எனக்கும் நோன்புக் கஞ்சி ஆற வைத்திருந்தார்கள். விரலில் என்ன காயம் என்று மும்தாஜ் கேட்டாள். கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது என்றேன். அந்த மாதிரிப் பொய் எனக்கு வந்தது.

நான் வந்த மூன்றாம் நாள் காலை மழைத் தொழுகை. பெருநாள் போல இல்லை. எல்லோரும் பழைய துணியில், செருப்பில்லாமல், தலையைக் குனிந்துகொண்டு திடலுக்குப் போனார்கள். ஆடு மாடுகளையும் ஓட்டி வந்திருந்தார்கள், அவற்றுக்கும் தாகம்தானே என்று. நான் வரிசையில் நிற்கவில்லை. ஆடுகளோடு ஓரத்தில் நின்றேன். பிரம்மதேசத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அதே ஓரத்தில் வந்து நின்றார்கள். அவர்களோடு கன்னியப்பனும் இருந்தான்.

தொழுது முடித்து ஹஜ்ரத் தம் போர்வையை எடுத்து உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டார். எங்கள் நிலைமையை இப்படிப் புரட்டிப் போடு என்று கேட்பது அது. வரிசை வரிசையாக எல்லோரும் தோள் துண்டைத் திருப்பிப் போட்டார்கள். பிறகு கையேந்தினார்கள். மற்ற நாளில் உள்ளங்கை வானத்தைப் பார்க்கும். மழைக்குக் கேட்கும்போது புறங்கை வானத்தைப் பார்க்கும், உள்ளங்கை மண்ணைப் பார்க்கும். இரண்டாம் வரிசை ஓரத்தில் யூசுஃப். ஹஜ்ரத் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க அவன் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. "ஆமீன். ஆமீன்." அழுதுகொண்டே சொன்னான். எனக்குப் பக்கத்தில் கன்னியப்பன், "நம்ம வயித்துல அடிக்கச் சொல்லி எப்டி அழுவுறாரு பாருங்க இந்த மனுசன்" என்றான். சொல்லிவிட்டு அவனும் கையைக் குவித்துக்கொண்டான்.

எனக்கு மட்டும் கை எழவில்லை. கொடும்பாவி என்று ஓர் உருவத்தை எதற்குக் கட்டி இழுத்தார்களோ, ஆளே இங்கே ஆட்டோடு ஆடாக நிற்கிறானே என்று தோன்றியது. சிரிப்பு வந்தது. அது நல்ல சிரிப்பு இல்லை.

மழை வரவில்லை. அன்று முழுக்க வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. ஆடுகள் திரும்பிப் போய்விட்டன. சாயங்காலம் யூசுஃப் மேலே பார்ப்பதும் என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்புவதுமாக இருந்தான். எனக்குள் ஒரு திருப்தி. உண்மையைச் சொல்கிறேன், திருப்திதான். பார்த்தாயா, நல்லவன் இவ்வளவு கெஞ்சியும் அசையவில்லையே, நான் சொன்னது சரிதானே என்று. ஊரே தண்ணீருக்குத் தவிக்கும்போது நான் அப்படி நினைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

நாலாம் நாள் பஸ் பிடித்துப் பொம்மையார்பாளையம் போனேன். எந்த இடம் என்று யூசுஃபிடம் கேட்க மனமில்லை, நானே இறங்கி விசாரித்தேன். சாலையோரத்தில் ஒருவர் இளநீர் விற்றுக்கொண்டிருந்தார். போன வருஷம் இங்கே ஒரு பைக் விபத்து, வெளிநாட்டுப் பையன் என்றேன். "எந்த விபத்துங்க? இந்த ரோட்டுல வாரம் ஒண்ணு ஆவுது" என்றார். ஓர் இளநீர் வெட்டித் தந்தார். நின்றபடி குடித்தேன். வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. மூன்று கடல் தாண்டி வந்து கேட்டாலும் அந்தச் சாலைக்கு என் பிள்ளையை ஞாபகமில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

ஐந்தாம் நாள் நான் கிளம்ப வேண்டிய நாளுக்கு முதல் நாள். மத்தியானம் சாப்பிட்டதும் சொல்லிக்கொண்டு வரலாம் என்று பாத்திக்குப் போனேன். அன்றுதான் பாத்திக்குள் படிந்ததை வார ஆரம்பித்திருந்தார்கள். கல் நன்றாகப் பெருத்திருக்கிறது என்று லட்சுமி ஒரு கை அள்ளிக் காட்டினாள். நாலில் ஒரு பங்குகூட வாரி முடியவில்லை. தென்மேற்கிலிருந்து காற்று திரும்பியது. வெயிலுக்குள் ஒரு குளிர்ச்சி. கன்னியப்பன் மூக்கைத் தூக்கி மோந்து பார்த்துவிட்டு, "பாய்!" என்று கத்தினான்.

அப்புறம் எல்லாம் ஓட்டம்தான். மேகம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. யூசுஃபும் கன்னியப்பனும் ஓலைகளை இழுத்துக் குவியல்மேல் போட்டார்கள். லட்சுமி கூடையில் வாரி வரப்புக்கு ஓடினாள். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கூடையைத் தூக்கினேன். பிளந்த நகத்தில் உப்புப் பட்டு உயிர் போனது. நாலாவது நடைக்குள் முதல் துளி விழுந்தது. பிறகு கொட்டிவிட்டது. பினாங்கு மழை எனக்குத் தெரியும், இது அதைவிடக் கோபமாக இருந்தது. ஓலை போதாத குவியல்கள் என் கண்ணெதிரே இடுப்பு ஒடிந்து உட்கார்ந்தன. பாத்திக்குள் கிடந்தது போன இடம் தெரியவில்லை. தண்ணீர் மட்டும் நின்றது. மறுபடி வடித்து, காயவிட்டு, காலால் மிதித்துத் தரையை இறுக்கி, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதுவரை அந்த மூவருக்கும் வேலையும் இல்லை, வருமானமும் இல்லை.

யூசுஃப் வரப்பின் நடுவில் நின்றான். தலையிலிருந்து தண்ணீர் வழிய, கரைகிற குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாவி, கேட்டு வாங்கிக்கொண்டாயே என்று நினைத்தேன். கையிலிருந்த கூடையைப் பார்த்தேன். அதிலும் உப்பு பாதிதான் மிஞ்சியிருந்தது, மீதி என் கால்மேல் ஒழுகிக்கொண்டிருந்தது.

"இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்."

யூசுஃப் சட்டென்று திரும்பினான். அவன் ஏன் அப்படிப் பார்க்கிறான் என்று முதலில் புரியவில்லை. சொன்னது என் வாய்தான் என்று மெதுவாகத்தான் விளங்கியது. பதினான்கு மாதம் பெற்ற பிள்ளைக்குச் சொல்லாமல் பூட்டி வைத்ததை, யாரோ ஒருவனுடைய உப்புக்கு, பழக்கத்தில், யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

கூடை விழுந்துவிட்டது. நான் அப்படியே வரப்புச் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். அன்வர் இறந்ததிலிருந்து நான் அழுததில்லை. கடையில் எல்லோரும் என்னைக் கல் மனசுக்காரன் என்பார்கள். அன்று அழுதேன். வாயைத் திறந்து, மாடு கத்துகிற மாதிரி அழுதேன். யூசுஃப் ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டான். அவன் உப்பு கரைந்துகொண்டிருந்தது, அவன் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தான். லட்சுமி என்ன நினைத்தாளோ, "உப்பு போனாப் போவுதுங்க, அழுவாதீங்க. மறுபடி வெளைய வெச்சுக்கலாம்" என்றாள்.

மழை விட்டதும் வீட்டுக்குப் போகவில்லை. இருவரும் ஈரத்தோடு கபருஸ்தானுக்கு நடந்தோம். ஊருக்குள் பெண்கள் அண்டா, குடம், சட்டி எல்லாம் வாசலில் வைத்துக் கூரைத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த யூசுஃபைப் பார்த்து ஒருவர், "கேட்டது கெடச்சிடுச்சு பாய்!" என்று கூவினார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றான் இவனும். அவன் இழந்தது அந்த ஆளுக்குத் தெரியும். இவன் சொன்னதில் குறை எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

வேப்பமரத்தடியில் மழை கபரின் நடுவைக் கொஞ்சம் உள்வாங்க வைத்திருந்தது. "மண்ணு எறங்கிடுச்சு, போடணும்" என்று யூசுஃப் குனிந்தான். அவன் கையைப் பிடித்தேன்.

"நீதான் அன்னிக்கே போட்டுட்டியே மாப்ள. இது என்னுது."

அவன் எழுந்து விலகி நின்றான். நான் மண்டியிட்டேன். அன்று நகத்தைப் பிளந்த அதே தரைதான். விரல் வைத்ததும் உள்ளே போனது. மண் பிடிக்குப் பிடி வந்தது, கனமாக, குளிர்ச்சியாக. ஒரு பிடி போட்டேன். இன்னொரு பிடி போட்டேன். மூன்றாவதைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். என் ஆண்டவனே, நீ கொடுத்தாய், நீயே எடுத்துக்கொண்டாய், எனக்கு இன்னும் வலிக்கிறது, ஆனாலும் இவன் உன்னுடையவன் என்று சொன்னேன். பிறகு அந்த வார்த்தையை முதலிலிருந்து கடைசிவரை, என் பிள்ளையின் பெயரைச் சொல்லி, அவனுக்காகவே சொன்னேன். சொல்லிவிட்டுக் கையைத் திறந்தேன்.